சனி வலமாகச் சுற்றிய நாட்கள்

எங்கள் ஆட்டத்தை மணியடித்துத் தொடங்கி வைத்தவர் டிராம் டிரைவர். அது அவருக்குத் தெரியாது.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டி ஒரு பைண்டிங் கடை இருந்தது. நைந்துபோன புத்தகங்களைப் பிரித்துத் தைத்து அட்டை போட்டுத் தருவார்கள். கடைக்கு மேலே வீடு. வீட்டின் முன்னறையில் தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். கடைக்காரரின் மகள் என் வகுப்பு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அவளும் நானும், எங்களோடு படித்த மாட வீதிப் பெண் ஒருத்தியும் அந்த அறையில் கூடுவோம். கீழே டிராம் வளைவில் திரும்பும்போது டிரைவர் காலால் மணியை மிதிப்பார். டங் டங் என்று கேட்டதும் ஆட்டம் ஆரம்பம். அடுத்த டிராமின் மணி கேட்டால் முடிந்தது. நடுவில் பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ, அது டிராமின் இஷ்டம். ஒருநாள் கரண்ட் நின்றுபோய் டிராம் வரவே இல்லை. அன்று முப்பது சுற்றுக்கு மேல் ஓடி, கை வலித்து, யார் ஜெயித்தது என்றே தெரியாமல் வீட்டுக்குப் போனோம்.

ஆட்டத்தின் பெயர் கிரக ஓட்டம். பெயர் நான் வைத்தது. சட்டங்களிலும் பாதி நான் போட்டவை.

பலகை என்று சொன்னாலும் அது பைண்டிங் அட்டைதான். யுத்தக் காலத்தில் கடிதம் எழுதக்கூடக் காகிதம் கிடைக்காமல் எல்லோரும் அலைந்தபோது, எங்களுக்கு முழ அகலத்தில் ஒரு அட்டை கிடைத்தது. ஒரு மூலை மடங்கியிருந்ததால் கடைக்காரர் அதைக் கழித்துப் போட்டிருந்தார். அதன்மேல் நீலக் காலிகோ துணியை ஒட்டினோம். வானம் ஆயிற்று. நடுவில் மஞ்சள் காகிதத்தில் சூரியன். சூரியனைச் சுற்றி மூன்று வட்டங்கள், வட்டங்களின் மேல் தீக்குச்சியால் சுண்ணாம்புப் புள்ளிகள். உள்வட்டத்தில் புள்ளிகள் குறைவு, சீக்கிரம் சுற்றி வந்துவிடலாம். ஆனால் அதில் மூன்று சிவப்புப் புள்ளிகள் உண்டு. அவை சூரியனின் நெருப்பு. அங்கே விழுந்தால் காய் கருகிவிடும், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். வெளிவட்டத்தில் நெருப்பே கிடையாது. ஆனால் ஒரு சுற்று முடிப்பதற்குள் தலை நரைத்துவிடும். எந்த வட்டத்தில் ஓடினாலும் சரி, மணி கேட்பதற்குள் அதிகம் சுற்றியவளுக்கு ஜெயம்.

முறை வைத்து ஆடுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஆளுக்கு நாலு சோழி. மூவரும் ஒரே சமயத்தில் உருட்டுவோம், எண்ணிக்கையைக் கத்துவோம், காயை நகர்த்துவோம், மறுபடி உருட்டுவோம். கை வேகம் உள்ளவள் பிழைத்தாள். கத்தாமல் நகர்த்தினால் அது திருட்டு. முதல் வாரத்தில் மூன்று பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

கடைக்காரர் மகள் செவ்வாய். அவள் காய் ஒரு சிவப்புப் பொத்தான். மாட வீதிக்காரி வியாழன், கொட்டைப்பாக்கு. நான் சனி. ஒரு புளியங்கொட்டையை என் அப்பாவின் ஜட்கா வண்டிச் சேணத்திலிருந்து விழுந்த பித்தளை வளையத்துக்குள் பதித்து வைத்திருந்தேன். வளையத்தோடு பார்த்தால் அசல் சனிதான். மாட வீதிக்காரிக்கு அந்தக் காயைத் தொடவே பயம்.

"என் பக்கத்துல கொண்டு வராதேடி. எங்காத்துல சனிக்கிழமை எள் விளக்குப் போட்டுண்டிருக்கோம், நீ என்னடான்னா கையில வெச்சு உருட்டறே."

அவள் பயத்தைப் பார்த்ததும் நான் ஒரு சட்டம் போட்டேன். சனி யாருடைய காய்மேல் வந்து உட்காருகிறதோ அவள் ஏழரை வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்தபடி உருட்டலாம். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண்ணி, கடைசியில் "அரை" என்று சொல்லவேண்டும். அரையை விழுங்கினால் திரும்ப முதலிலிருந்து. ஆட்டத்தின் வேகத்தில் ஏழரை எண்ணுவது எத்தனை நீளம் என்பது அகப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மாட வீதிக்காரி தினமும் இங்கே வருவதற்கு வீட்டில் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். பைண்டிங் போடக் கொடுக்கிறேன் என்று சொல்லுவாள். சொன்னதற்காக எதையாவது கொண்டும் வருவாள். முதலில் அவள் நோட்டுகள், பிறகு சுலோகப் புத்தகம், பிறகு பஞ்சாங்கம். கடைசியில் ரேஷன் கார்டுக்கும் காலிகோ அட்டை போட்டாயிற்று. ரேஷன் கடையில் அதைத் திறக்க இரண்டு கை வேண்டியிருந்ததாம்.

ஜன்னலோரம் ஒரு மரப்பெட்டி உண்டு. அதில் உட்காருகிறவளுக்கு மணி முதலில் கேட்கும். சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்கிறவளும் அவள்தான். அது என் இடம். யாரும் கொடுக்கவில்லை. நானே போய் உட்கார்ந்தேன், யாரும் எழுப்பவில்லை. ஒரே ஒருநாள் கடைக்காரர் மகள் எழுப்பப் பார்த்தாள். பலகையில் வட்டம் போட்டு முடித்த நாள் அது. எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று பேச்சு வந்தது.

"இப்படித்தான்" என்று மாட வீதிக்காரி வலமாக விரலை ஓட்டினாள். "பிரதட்சிணம்."

"அரே, எங்க நன்னா, அம்மாவப் பெத்தவரு, ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரு. கஅபாவை இப்படித்தான் சுத்தணும்னு சொல்லிக்கீறாரு" என்று கடைக்காரர் மகள் எதிர்ப்பக்கமாக ஓட்டினாள். "இடது கை உள்ளாற இருக்கணும்."

"அப்பிரதட்சிணமா சுத்தப்படாதுடி, பாவம்."

"எங்க நன்னா பாவம் பண்ணவா கப்பல் ஏறிப் போனாரு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது. எங்கள் பாடப் புத்தகத்தில் கிரகங்களைப் பற்றி ஒரே ஒரு பக்கம். அதில் ஒரு படம். கிரகங்கள் எல்லாம் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒன்றுகூட எந்தப் பக்கமும் நகரவில்லை.

"வலமாகத்தான்" என்றேன். "புத்தகத்துல இருக்கு."

"எங்கே காட்டு?"

"இந்தப் புத்தகம் இல்ல. பெரிய புத்தகம்."

கடைக்காரர் மகள் என் முகத்தையே பார்த்தாள். "இல்லேன்னா?"

"இல்லேன்னா ஜன்னல் உன்னுது."

அவள் சோழிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். மணி கேட்டது. மூன்று கிரகங்களும் வலமாக ஓடின.

"புத்தகத்துல இருக்கு" என்பது என் வாயில் அத்தனை சுலபமாக வந்ததற்குக் காரணம் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். வம்சத்திலேயே முதல் ஆள் என்று நைனா சொல்லுவார். வம்சத்தை எத்தனை தூரம் விசாரித்தாரோ தெரியாது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். மந்தைவெளிக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடும் குதிரை லாயமும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றன. அந்த வீட்டில் நான் "புத்தகத்துல இருக்கு" என்று சொன்னால் பேச்சு முடிந்தது. பாகற்காய் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் சாப்பிடுவது என்று புத்தகத்தில் இருந்தது. குதிரைக்குக் கொள்ளு ஊறவைத்தால் கையெழுத்துக் கெடும் என்று இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா என் தலையில் வைத்து அறைகிற விளக்கெண்ணெய் மூளையை மந்தமாக்கும் என்பதும் அதே புத்தகத்தில்தான். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்தபடி அம்மா ஒரு நிமிஷம் நிற்பாள். பிறகு அதைக் கொண்டுபோய் மாடத்தில் வைத்துவிடுவாள். அந்த நிமிஷம் எனக்கு ராணி மாதிரி இருக்கும்.

சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று நைனாவிடம் சொன்னவளும் நானே. அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"எந்தப் பக்கமா?"

"வலமா."

"அதான பார்த்தேன். லஸ் முனையில போலீஸ்காரரு நடுவுல நிக்கறாரு, நாம அவர சுத்திக்கினு போறோம். அந்த மாதிரி."

"அதேதான்."

"புத்தகத்துல கீதா?"

"இருக்கு நைனா."

அவருக்கு ஒரே ஒரு வருத்தம். நாங்கள் டிராம் மணிக்கு ஆடுகிறோம் என்பது. சவாரியையெல்லாம் டிராம் கொண்டுபோகிறது என்று அதன்மேல் அவருக்குப் பழைய கோபம். "என் பொண்ணு டிராமு மணிக்கு ஆடுது. நம்ம குதிர கழுத்துல மணி இல்லியா?" என்று குதிரையிடமே கேட்பார்.

நான் சொல்வதை எல்லாம் அவர் வண்டியில் ஏறுகிறவர்களிடம் ஒப்பிக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. அபிராமபுரத்திலிருந்து தினமும் காலையில் காலேஜுக்குப் போகிற ஒரு வாத்தியார் நைனாவின் வாடிக்கை. ஒருநாள் சாயங்காலம் நைனா வந்ததும் வராததுமாக, குதிரையை அவிழ்க்காமலே என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அந்தப் புத்தகத்தோட பேரு இன்னா?"

"எந்தப் புத்தகம்?"

"அதான், சூரியன சுத்தற புத்தகம். வாத்தியார் ஐயாகிட்ட சொன்னேன், நாமெல்லாம் வலமா சுத்திக்கினு கீறோம் சார், என் பொண்ணு சொல்லிச்சு, புத்தகத்துல கீதுன்னு. அவரு சிரிச்சுக்கினே 'அப்படியா, எந்தப் புத்தகம்?'னாரு. நாளன்னைக்கிச் சொல்றேன் சார்னுட்டேன். நாளைக்கி அவருக்கு லீவாம்."

நைனாவின் முகத்தில் சந்தேகம் துளிகூட இல்லை. அதுதான் கஷ்டம். பேரை மறந்து போனேன், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"சாயங்காலம் கச்சேரி ரோடு பக்கம்தான் வருவேன். அங்கியே சொல்லிடு. எழுதிக் குடு, நான் அப்படியே குடுத்துடறேன்."

அன்றைக்கு அம்மா பாகற்காய் செய்திருந்தாள். நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சயன்ஸ் டீச்சரிடம் போய், புத்தக அலமாரியைத் தூசி தட்டித் தரட்டுமா என்று கேட்டேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார், ஆனால் சாவியைக் கொடுத்தார். மேல் தட்டில் வானத்தைப் பற்றி ஒரு தடிப் புத்தகம். இங்கிலீஷ். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு கையில் தூசித் துணியோடு தேடினேன். நடுப்பக்கத்தில் ஒரு பெரிய படம். சூரியன், சுற்றிலும் வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்தின் மேலும் அம்புக்குறி.

அத்தனை அம்புகளும் இடப்பக்கமாகப் போயின.

புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். அப்போதும் இடப்பக்கம்தான். பக்கவாட்டில் பிடித்தேன், மாற்றமில்லை. பிறகு அந்த ஒரு தாளை மட்டும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பின்புறமிருந்து பார்த்தேன். அம்புகள் வலமாகச் சென்றன! அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. அகராதி பார்த்துப் பார்த்துக் கூட்டினால், வடக்கே மேலிருந்து பார்க்கும்போது இப்படித் தெரியும் என்று அர்த்தம் வந்தது. அப்படியானால் கீழே, தெற்கிலிருந்து பார்க்கிறவனுக்கு வலமாகத்தானே தெரியும்? நாமோ தெற்கத்திக்காரர்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அலமாரியின் எல்லாத் தட்டுகளையும் நிஜமாகவே துடைத்தேன்.

கடைசித் தட்டைத் துடைக்கும்போது சந்தோஷம் வடிந்துவிட்டது. இந்த வரியை நான் இன்றைக்குத்தான் படிக்கிறேன். ஜன்னலைப் பணயம் வைத்த அன்று இந்தப் புத்தகத்தின் முதுகைக்கூட நான் பார்த்ததில்லை. வாத்தியாரிடம் கொடுக்கப்போகிற சீட்டு என் கையெழுத்து. அதைக் கொண்டுபோகிறவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. நான் எழுதியது என்பதாலேயே கொண்டுபோவார்.

சாயங்காலம் மாடி அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"இன்னாடி இது, ஜட்ஜம்மா கீழ குந்திக்கினு கீறாங்க?" என்றாள் கடைக்காரர் மகள்.

"ஜன்னல் உன்னுது."

"எதுக்கு?"

"கிரகமெல்லாம் உங்க நன்னா சுத்தின பக்கமாத்தான் சுத்துது. புத்தகத்துல போட்டிருக்கு. இந்தத் தடவை நிஜமாவே போட்டிருக்கு."

"இந்தத் தடவைன்னா? போன தடவை?"

"போன தடவை நானா சொன்னேன். அப்போ நான் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததே இல்ல."

மாட வீதிக்காரி சோழிகளைக் கீழே வைத்தாள். "நவக்கிரகமே அப்பிரதட்சிணமா சுத்திண்டிருக்குங்கறியா? நான் அம்மாகிட்ட எப்படிடி சொல்லுவேன்?"

"நீ பைண்டிங் போட வந்திருக்கே. உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றாள் கடைக்காரர் மகள்.

தாளைப் பின்பக்கமாகப் பார்த்த கதையையும் சொன்னேன். மாட வீதிக்காரிக்கு உயிர் வந்தது. "அப்போ நாம கீழேர்ந்து பார்க்கறதா வெச்சுக்கோயேன்! ஆட்டம் சரி, நீயும் சரி. எல்லாரும் சரி!"

"கீழேர்ந்துன்னா? கட்டிலுக்கு அடியில படுத்துக்கினா?"

"நான் சரியில்லடி" என்றேன். "எந்தப் பக்கம்கறது இப்போ பேச்சில்ல. படிக்காமலே படிச்சேன்னு சொன்னேன்."

கடைக்காரர் மகள் எழுந்து போய் மரப்பெட்டியைத் தாவணி முனையால் துடைத்தாள். உட்கார்ந்தாள். இறங்கி, மறுபடி துடைத்தாள். மறுபடி உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தாள்.

"தீர்ப்பு. இன்னிக்கி சனி ஒவ்வொரு வாட்டியும் ஏழரை எண்ணிட்டுத்தான் சோழி உருட்டணும்."

"ஒவ்வொரு தடவையுமா? அநியாயம்!"

"அப்பீல் வேணும்னா உன் பெரிய புத்தகத்தாண்ட போ."

மணி கேட்டது. அன்றைக்கு நடந்ததுபோல ஓர் ஆட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மாசக்கணக்கில் வலமாகவே ஓடிப் பழகிய கைகள் இடமாகப் போக மறுத்தன. நாலு விழுந்தால் மூன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் வைத்தோம். பாக்கும் பொத்தானும் நேருக்கு நேர் வந்து இடித்துக்கொண்டன. மாட வீதிக்காரி ஒவ்வொரு சுற்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டதால் அவளுக்கு ஒரு கை எப்போதும் குறைவு. நான் "ஆறு, ஏழு, அரை" என்று மூச்சு வாங்குவதற்குள் செவ்வாய் இரண்டு முறை நெருப்பைத் தாண்டிப் போய்விட்டது. ஜெயித்தவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, போகிற டிராமுக்கு சலாம் போட்டாள். நான் ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை.

டிராம் போனபின் குதிரை மணி கேட்டது. நான் சீட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின்னாலேயே இரண்டு பேரும் படியில் வந்து நின்றார்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறேன் என்று நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரியில் புத்தகத்தின் பெயர். அடுத்த வரியில், கிரகங்கள் வலமாகச் சுற்றுகின்றன என்று நான் படிக்காமல் சொன்னேன், படித்துப் பார்த்ததில் இடமாகச் சுற்றுகின்றன, தவறு என்னுடையது, என் தகப்பனாருடையது அல்ல.

நைனா கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

"படிக்காமயா சொன்னே?"

"ஆமா நைனா."

"கொள்ளு?"

"அதுவும்."

"ம்." குதிரையைப் பார்த்தார். அதற்கும் வருத்தம்தான் என்று தோன்றியது. பிறகு திடீரென்று வேறொன்று அவர் நினைவுக்கு வந்தது. "அப்போ, பூமி, கிரகம் எல்லாம் ராங் சைடுலயா போய்க்கினு கீது?"

"ஆமா."

"இத்தினி நாளா?"

"ஆமா நைனா."

"யாரும் புடிக்கலியா?"

படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நைனா சிரிக்கவில்லை. அவருக்கு அது நிஜமான கேள்வி. சீட்டை நாலாக மடித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்தநாள் வாத்தியார் வண்டியில் ஏறியதும் சீட்டைப் படித்தாராம். இரண்டாம் முறையும் படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். இறங்கும்போது, உன் பெண் எந்த வகுப்பு என்று கேட்டாராம். அதை நைனா எங்கள் சந்து முழுவதும் சொன்னார். தவறைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வாத்தியார் ஐயா வகுப்பு விசாரித்தார் என்பது மட்டும்.

ஆனால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு அம்மா வந்து நின்றாள். நான் பழக்கத்தில் வாயைத் திறந்தேன்.

"புத்தகத்துல..."

"எங்க? எட்தா" என்றாள் அம்மா.

பையிலிருந்து சயன்ஸ் புத்தகத்தை எடுத்தேன். அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்த வரி, விரலை வை, வெச்சுக்கினே படி என்றாள். எண்ணெயைப் பற்றி அதில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்று. விரலை வைத்து, ஒரு எழுத்து விடாமல் அதைப் படித்தேன்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"நல்ல புத்தகம்" என்று சொல்லிவிட்டு, அம்மா கிண்ணத்தை என் தலையில் கவிழ்த்தாள்.